நாமாகப் படிக்காத பாடங்கள்

புரோகிராமர் ஆவதற்கு டிகிரி வேண்டுமா என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும், சீக்கிரமே பில் கேட்ஸ் அதற்குள் வந்துவிடுவார். அவர் பின்னாலேயே மார்க் ஸக்கர்பெர்க். ஒருவர் 1975-இல் ஹார்வர்டை விட்டு வெளியேறினார், இன்னொருவர் 2004-இல். இரண்டு பேரும் எங்கே போய் நிற்கிறார்கள் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டால் வழக்கு முடிந்ததாகப் பலரும் நினைக்கிறார்கள்.

வெளியேறினார்கள் என்பது சரி. வெளியேறுவதற்கு முதலில் உள்ளே போயிருக்க வேண்டுமே. அதிலும் கேட்ஸ் அங்கே சும்மா இருந்துவிட்டு வரவில்லை. ஒரு கணக்கு. அளவு மாறிக் கலைந்து கிடக்கும் தோசை அடுக்கு ஒன்று இருக்கிறது. மேலிருந்து சிலவற்றைச் சேர்த்து எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைக்கலாம், அது ஒன்றுதான் அனுமதி. அப்படியே திருப்பித் திருப்பி முழு அடுக்கையும் அளவு வாரியாக ஒழுங்குபடுத்த அதிகபட்சம் எத்தனை முறை திருப்ப வேண்டும்? கேட்பதற்கு விளையாட்டுப் போல இருக்கும் இந்தக் கணக்குக்கு கேட்ஸ் ஒரு நல்ல வழிமுறை கண்டுபிடித்தார். பேராசிரியர் கிறிஸ்டோஸ் பாப்பாடிமிட்ரியோவுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1979-இல் வெளியானது. அதில் சொன்ன அதிகபட்ச எண்ணிக்கையைக் கிட்டத்தட்ட 30 ஆண்டுகள் யாராலும் மேம்படுத்த முடியவில்லை. படிப்பு வேண்டாம் என்பதற்கு இவர்தான் சாட்சி என்றால், சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்யத்தான் வேண்டும்.

ஜான் கார்மாக் இதைவிடப் பொருத்தமான ஆள். இரண்டு செமஸ்டரோடு கல்லூரியை விட்டவர். 1993-இல் வந்த டூம் கணினி விளையாட்டின் எஞ்சினை, அதாவது அதை ஓட்டும் மைய நிரலை, எழுதியவர். அன்றைய சாதாரணக் கணினியில் அந்தக் காட்சிகள் வேகமாக ஓடியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று பைனரி ஸ்பேஸ் பார்ட்டிஷனிங் என்ற உத்தி. எந்தச் சுவர் முன்னால், எது பின்னால் என்பதை விளையாடும்போது கணக்குப் போடாமல், முன்கூட்டியே கிளை பிரியும் ஒரு மரம் போலப் பிரித்து வைத்துக்கொள்வது. இது கார்மாக் கண்டுபிடித்ததல்ல. ஃபியூக்ஸ், கெடெம், நெய்லர் ஆகிய மூவர் 1980-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இருந்தது. டிகிரி இல்லாத கார்மாக், டிகிரி வாங்கிய பலர் புரட்டிக்கூடப் பார்க்காத கட்டுரைகளைத் தேடிப் படித்தார்.

லினஸ் டோர்வால்ட்ஸ் கதை இதற்கு நேர் எதிர்த் திசை. 1991-இல் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தொடங்கும்போது ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். ஆண்ட்ரூ டானன்பாம் பாடம் நடத்துவதற்காகவே எழுதிய மினிக்ஸ் என்ற சிறிய ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் அவருடைய தொடக்கம். அப்புறம் லினக்ஸையே ஆய்வேடாக எழுதி முதுகலைப் பட்டமும் வாங்கிவிட்டார். அவர் படிப்பை முடித்த கதையை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. முடித்ததில் சுவாரசியம் இல்லை போல.

என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். நான் கணினி அறிவியல் படித்தவன் இல்லை. வேறொரு துறையில் பட்டம் வாங்கி, நிரலெழுதுவதை வேலையில் கற்றுக்கொண்டேன். பிற்பாடு இன்டர்வியூ மேசையின் மறுபக்கமும் பல வருடங்கள் உட்கார்ந்தாயிற்று. அதனால் டிகிரிக்காரர்கள் மேல் எனக்குப் பொறாமையும் இல்லை, பக்தியும் இல்லை.

‘முன்னோடிகளே கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் இல்லையே’ என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான், அப்போது படிக்க அப்படி ஒரு துறையே இல்லை. அமெரிக்காவில் முதல் கணினி அறிவியல் துறை பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1962-இல்தான் வந்தது. 1957-இல் ஆம்ஸ்டர்டாமில் திருமணம் செய்துகொண்ட எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, தொழில் என்ற இடத்தில் ‘புரோகிராமர்’ என்று எழுதியதை அதிகாரிகள் ஏற்கவில்லை. அப்படி ஒரு தொழிலே கிடையாது என்று சொல்லிவிட்டதால், கோட்பாட்டு இயற்பியலாளர் என்று பதிந்துகொண்டார். கிரேஸ் ஹாப்பர் கணிதத்தில் முனைவர். அப்போலோ விண்கல மென்பொருளுக்குத் தலைமை தாங்கிய மார்கரெட் ஹாமில்டன் படித்ததும் கணிதம். சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி இயற்பியலும் பயன்பாட்டுக் கணிதமும் படித்தவர். ஆக, முன்னோடிகள் படிக்காதவர்கள் அல்ல. வேறொன்றை, அதுவும் கடினமான ஒன்றை, ஆழமாகப் படித்தவர்கள்.

சரி, புகழ்பெற்றவர்களை விட்டுவிடலாம். நான் நேரில் பார்த்த ஒரு நிரலுக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் ஒருவர் இருந்தார். கல்லூரிப் பக்கமே போகாதவர். சின்ன வயதில் கேம்களை மாற்றியமைக்கப் போய், அப்படியே நிரலெழுதக் கற்றவர். கை வேகம், மூளையும் வேகம். அவரிடம் ஒரு வேலை வந்தது. இரவில் தானாக ஓடும் அறிக்கை வேலைகள் நிறைய இருந்தன. ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று தொடங்க முடியும். விற்பனைக் கணக்கு முடிந்த பிறகுதான் வரிக் கணக்கு, இரண்டும் முடிந்த பிறகுதான் மாத அறிக்கை. எது எதற்குக் காத்திருக்கிறது என்று பார்த்துச் சரியான வரிசையில் ஓட்ட வேண்டும்.

அவர் எழுதியது இதுதான். பட்டியலை மேலிருந்து கீழே ஒரு சுற்றுப் பார்ப்பது. எதற்கும் காத்திருக்காத வேலைகளை ஓட்டி, முடிந்ததாகக் குறித்துக்கொள்வது. மறுபடி மேலே போவது. எல்லாம் முடியும்வரை இப்படியே. ஏ.பி. கான் என்பவர் 1962-இல் வெளியிட்ட டோப்பலாஜிக்கல் சார்ட் முறையின் அடிப்படை யோசனையும் இதுவேதான். யாரும் சொல்லித் தராமல் ஒரு மதியத்தில் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். எனக்கு உண்மையிலேயே வியப்பு.

எழுதிய நிரலை இன்னொருவர் படித்துச் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் ஒரு வரி இடித்தது. நூறு சுற்றுக்கு மேல் போனால் நிறுத்து என்று எழுதியிருந்தார். ஏன் நூறு என்று கேட்டேன்.

“சில நாள் நிக்காம சுத்துது. ஏன்னு தெரியல. அதான் ஒரு லிமிட் போட்டு வெச்சேன்.”

ஏன் என்பது உண்மையில் எளிது. யாரோ வேலைகளைப் பதியும்போது, முதல் வேலை இரண்டாவதற்குக் காத்திருக்கும்படியும், இரண்டாவது முதலாவதற்குக் காத்திருக்கும்படியும் போட்டுவிட்டார்கள். இரண்டும் காலம் முழுக்க ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த வரம்பு சுழலை மறைத்ததோடு நிற்கவில்லை, இன்னொரு ஆபத்தையும் உள்ளே கொண்டுவந்தது. வேலைகளின் சங்கிலி நூறைத் தாண்டி நீண்டு, பட்டியலிலும் தலைகீழ் வரிசையில் இருந்தால், சுற்றுக்கு ஒரு வேலைதான் முடியும். நூறாவது சுற்றில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நிரல் நின்றுவிடும். மீதி அறிக்கைகள் வராது. ஏன் வரவில்லை என்று நிரலின் பதிவேடான லாகிலும் இருக்காது.

அல்காரிதம் பாடத்தில் உட்கார்ந்த எவருக்கும் இது தெரிந்த விஷயம். ஒரு முழுச் சுற்றில் ஒரு வேலைகூட ஓடவில்லை, ஆனால் இன்னும் வேலைகள் பாக்கி இருக்கின்றன என்றால் அங்கே சுழல் இருக்கிறது. உடனே நிறுத்தி, எந்தெந்த வேலைகள் சிக்கியிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். வரம்பே வேண்டாம். திருத்தம் ஓரிரு வரிகள்தான். “இப்படி ஒரு விஷயம் இருக்குன்னு தெரிஞ்சிருந்தா தேடியிருப்பேனே” என்றார். எது எதோடு இணைந்திருக்கிறது என்று காட்டும் வலைப்பின்னலுக்கு கிராஃப் என்று பெயர், அதைப் பற்றிய ஒரு பாட அத்தியாயத்தை அனுப்பினேன். படித்த கையோடு, நான் கேட்காமலே இன்னொன்றைப் பிடித்துக் கொண்டுவந்தார். பயனர் குழுக்கள் ஒன்றிலிருந்து ஒன்று அனுமதிகளைப் பெறும் பகுதியிலும் அதே சுழல் வர வாய்ப்பு இருக்கிறது என்று.

தானாகக் கற்பவருக்குத் திறமையிலோ உழைப்பிலோ குறை இல்லை. அவரை வழிநடத்துவது கையில் இருக்கும் வேலை, அவ்வளவுதான் வித்தியாசம். வேலை கேட்பதை அவர் கற்பார், அதுவும் கல்லூரியைவிட வேகமாக. வேலை கேட்காததை யார் கேட்கச் சொல்வது? நாளைக்கு ஒரு இணையதளம் முடிக்க வேண்டும் என்றிருப்பவர் எவரும் இன்று மாலை கிராஃப் தியரி படிக்க உட்கார மாட்டார். ஆபரேட்டிங் சிஸ்டம் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரிப்பது எப்படி என்று ஆசையாகத் தேட மாட்டார். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பெரும்பாலான மொழிகளில் 0.30000000000000004 வருகிறதே, ஏன் என்று தோண்ட மாட்டார். பிடிக்கிறதோ இல்லையோ, இதற்குத் தேர்வு உண்டு, இந்தத் தேதிக்குள் படி என்று கட்டாயப்படுத்துவதுதான் கல்லூரி செய்யும் மிகப் பெரிய உதவி. மற்றதெல்லாம், பாட உரைகள் உட்பட, இன்று இலவசமாகக் கிடைக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் திறந்து வைக்கப்போவதாக 2001-லேயே அறிவித்துவிட்டது. கட்டாயம்தான் இலவசமாகக் கிடைப்பதில்லை.

ஆனால் கட்டாயப்படுத்தியதெல்லாம் மண்டையில் நிற்கிறதா என்பது வேறு விஷயம். ஜி.டி.ஏ. ஆன்லைன் விளையாட்டு திறந்து வருவதற்குப் பல நிமிடங்கள் ஆகும் என்று பல ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். 2021-இல் வெளியாள் ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலே, இயங்கும் நிரலைப் பிரித்து மேய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார். சுமார் 63,000 பொருள்கள் கொண்ட ஒரு பட்டியலைப் படிக்கும்போது, ஒவ்வொரு துண்டை எடுக்கும்போதும் மீதமுள்ள மொத்தக் கோப்பின் நீளத்தையும் எண்ணிக்கொண்டிருந்தது நிரல். அது போதாதென்று, ஒவ்வொரு பொருளும் ஏற்கெனவே வந்துவிட்டதா என்று அதுவரை வந்த எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 198 கோடி ஒப்பீடுகள். எல்லாவற்றையும் தேடாமல் நேராக இடத்தைக் காட்டும் ஹேஷ் டேபிள் ஒன்று இருந்திருந்தால் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பார்வை போதும். அவர் திருத்திக் காட்டியதில் காத்திருக்கும் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. நிறுவனமும் ஏற்றுக்கொண்டு திருத்தத்தை வெளியிட்டது. முதல் வருட டேட்டா ஸ்ட்ரக்சர் பாடம் இது. அத்தனை பெரிய நிறுவனத்தில் அந்தப் பாடத்தைப் படித்தவர்களுக்கா பஞ்சம்?

ஜாஷுவா பிளாக் சம்பவம் இதைவிடச் சுவையானது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். ஜாவா மொழியோடு வரும் நிரல் நூலகத்தில், வரிசையான பட்டியலைப் பாதிப் பாதியாக வெட்டித் தேடும் பைனரி சர்ச் எழுதியவர். மாணவராக இருந்தபோது அங்கே ஜான் பென்ட்லி ஒரு வகுப்பு எடுத்தாராம். முனைவர் பட்ட மாணவர்களிடம் பைனரி சர்ச் எழுதச் சொல்லி, பெரும்பாலானவர்கள் தப்பாக எழுதியதைக் காட்டிப் பாடம் நடத்தினாராம். அந்தப் பாடத்தைக் கேட்டவர் எழுதிய நிரலிலேயே ஒரு பிழை ஒளிந்திருந்தது. நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க இரு முனைகளையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம் அல்லவா, பட்டியல் 100 கோடி உறுப்புகளைத் தாண்டினால் அந்தக் கூட்டுத்தொகை 32 பிட்டுக்குள் அடங்காமல் எதிர்மறையாகிவிடும். 2006-இல் பிளாக்கே இதைப் பகிரங்கமாக எழுதினார். பென்ட்லியின் புத்தகத்திலும் அதே பிழை இருந்தது. ஆசிரியர், மாணவர் இருவருமே மேதைகள்தான்.

புதிதாகப் பட்டம் வாங்கி இன்டர்வியூவுக்கு வந்த ஒருவர், டேட்டாபேஸை ஒழுங்காக வடிவமைக்கும் விதிகளான நார்மல் ஃபார்ம்களில் முதல் மூன்றையும் போர்டில் அழகாக விளக்கினார். டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு குவெரி ஓட நாற்பது விநாடி ஆகிறது, முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்றதும் அமைதி. அதை எப்படித் தேடுகிறது என்று டேட்டாபேஸே காட்டும் குவெரி பிளானைக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில், இருவரின் மாற்றங்கள் மோதி மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தால் கோப்புறையையே அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இதில் பிள்ளைகளை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. எம்.ஐ.டி.யிலேயே ஷெல், கிட், டீபக்கிங் மாதிரியான அன்றாடக் கருவிகளைக் கற்றுத்தர ‘விடுபட்ட செமஸ்டர்’ என்ற பொருளில் தனியாக ஒரு வகுப்பு நடத்த வேண்டியிருந்தது. 2020-இல் அதன் உரைகளை எல்லோருக்கும் இலவசமாகப் போட்டார்கள். எம்.ஐ.டி. பாடத்திட்டத்திலேயே விடுபட்டது மற்ற இடங்களில் என்ன கதி என்று யோசித்துக்கொள்ளலாம்.

மருத்துவரோடு ஒப்பிட்டு, படிக்காமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். நம் தொழிலில் உரிமம் என்பது ஒட்டவே இல்லை. அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர்களுக்கு 2013-இல் ஓர் உரிமத் தேர்வு தொடங்கினார்கள். ஐந்து முறை நடத்தியதில் எழுதியவர்கள் மொத்தம் 81 பேர். 2019-க்குப் பிறகு மூடிவிட்டார்கள். பெரும்பாலான நிரல்களுக்கு அதனால் பாதகம் ஒன்றுமில்லை. எல்லா நிரலும் அப்படியா? தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985-க்கும் 1987-க்கும் இடையில் 6 பேருக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் இறந்தார்கள். ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு பணிகள் நினைவகத்தில் ஒரே மாறியைத் தொட்டதால் வந்த பிழை அதற்கான காரணங்களில் ஒன்று. ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் இதற்கென்றே தனி அத்தியாயம் உண்டு. அந்த மென்பொருளை எழுதியது ஒரே ஒருவர். வழக்கு வந்தபோது, அவர் என்ன படித்தவர், என்ன அனுபவம் என்று விசாரிக்கப்பட்ட ஊழியர்கள் யாராலும் சொல்ல முடியவில்லை. அவருக்குப் பட்டம் இருந்ததா என்பதைவிட, அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை என்பதுதான் எனக்குத் திகிலாக இருக்கிறது.

வேலை கிடைப்பது, வேலையைச் செய்வதிலிருந்து தனிக் கதை. நிரலெழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2024 கணக்கெடுப்பில் பதில் சொன்ன டெவலப்பர்களில் 66 சதவீதம் பேர் இளங்கலையோ முதுகலையோ முடித்தவர்கள். ஆனால் நிரலெழுதக் கல்வி நிலையத்தில் கற்றதாகச் சொன்னவர்கள் 49 சதவீதம்தான். பட்டம் வைத்திருக்கும் பலர் தொழிலை வேறெங்கோ கற்றிருக்கிறார்கள், என்னைப் போல. விளம்பரத்தில் ‘டிகிரி அவசியமில்லை’ என்று போடும் நிறுவனங்கள் கூடியிருக்கின்றன. அது வேலை நியமனத்தில் எவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியும் பர்னிங் கிளாஸ் இன்ஸ்டிட்யூட்டும் எல்லாத் துறைகளையும் சேர்த்து ஆராய்ந்தன. 2024-இல் வந்த அந்த அறிக்கைப்படி, 700 நியமனங்களுக்கு ஒன்றுகூட இதனால் மாறவில்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரு வேலைக்கு நூற்றுக்கணக்கில் ரெஸ்யூமே வந்து குவியும்போது, பத்து நிமிடத்தில் பாதியைக் கழிக்க எச்.ஆர். கையில் இருக்கும் சுலபமான சல்லடை டிகிரி. நியாயமானதா என்றால் இல்லை. இருக்கிறதா என்றால் இருக்கிறது. முதல் வேலைக்குப் பிறகு அந்தச் சல்லடையின் கண்கள் பெரிதாகிவிடும். ஐந்தாறு வருட அனுபவம் உள்ளவரிடம் எந்தக் கல்லூரி என்று நான் கேட்டதே கிடையாது.

வெளிநாட்டு வேலையில் மட்டும் அனுபவம் வந்தாலும் டிகிரி துரத்தும். அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்கு இளங்கலைப் பட்டமோ அதற்கு இணையானதோ வேண்டும். குறையும் ஒவ்வொரு கல்லூரி வருடத்துக்கும் துறையில் மூன்று வருட அனுபவம் என்று கணக்கு. நான்கு வருடப் படிப்பு முழுதும் இல்லையென்றால் பன்னிரண்டு வருடம். ஐரோப்பிய ஒன்றியம் இங்கே தாராளமாக இருக்கிறது. திறமையுள்ள வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியான நீல அட்டைக்கு 2021-இல் திருத்திய விதிப்படி, ஐ.டி. துறையினருக்குக் கடந்த ஏழு வருடங்களில் மூன்று வருடத் தொடர்புள்ள அனுபவம் இருந்தால் பட்டத்துக்கு ஈடாக ஏற்கலாம். படிப்பைப் பாதியில் விட நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த விதிகளைத்தான். ஆர்வம், கனவு எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்போது ஏ.ஐ. வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்கிறார்கள். ஒரு விதத்தில் தானாகக் கற்பவருக்கு இது பெரிய வரம். சிக்கலைச் சொந்த வார்த்தைகளில் விவரித்தால், அது ஏற்கெனவே தீர்க்கப்பட்ட கணக்கு என்று சொல்லிவிடும். நூறு சுற்று என்று வரம்பு போட்ட எங்கள் குழு நண்பருக்கு அன்று கிடைக்காத உதவி இது. ஆனால் பெரும்பாலானோர் அப்படிக் கேட்பதில்லை. ‘நூறு சுற்றில் முடியவில்லை, சரிசெய்து கொடு’ என்று கேட்பார்கள். அது பணிவாக ஆயிரமாக்கிக் கொடுக்கும்.

டிகிரி இல்லாமல் வேலையில் இருக்கிறேன், எதைப் படிக்கட்டும் என்று கேட்பவர்களுக்கு என் வரிசை: டேட்டா ஸ்ட்ரக்சரும் அல்காரிதமும் முதலில், அப்புறம் ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், கடைசியாக, நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர். வீடியோ பார்த்தால் போதாது. ஒரு சின்ன ஹேஷ் டேபிள், ஒரு சின்ன ஷெல், ஒரு சின்னக் கணக்குப் போடும் மொழி என்று கையால் எழுதிப் பார்க்க வேண்டும். கூட ஒருவரைச் சேர்த்துக்கொண்டு தேதி குறித்துக்கொள்வது நல்லது, கல்லூரியில் பரீட்சை செய்யும் வேலையை அந்த ஆள் செய்வார். கம்பைலர் மட்டும் வேண்டாமே என்று எல்லாரும் பேரம் பேசுவார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக வரும் அடைப்புக்குறிகளை, எழுத்து வடிவங்களைத் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷனால் பிடிக்க முயன்று ஒரு வாரத்தைத் தொலைத்தவர்கள் மட்டும் பேச மாட்டார்கள். அது ஏன் முடியாது என்று சொல்வது கம்பைலர் பாடம்தான்.